சேலத்தில் இருந்தபடியே ஆய்வுப் பயிற்சியும் ஆள் அறிமுகமும்

கேள்வி: "சேலத்தில் முழுநேர பிஎச்.டி. சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. என் பாடம் தாவரவியல், சேர்வராயன் மலைச் செடிகளில் வேலை. என்னோடு அறையில் இருப்பவள் பொருளியல், ஜவ்வரிசித் தொழிலைப் பற்றிச் செய்கிறாள். சென்னை, பெங்களூர் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு வாரம் ஒரு பயிற்சி, மாதம் ஒரு பெரிய ஆள் பேச்சு என்று போகிறது. எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் இ-சான்றிதழ் வெபினார்தான். எங்களுக்கும் நல்ல பயிற்சியும், துறை ஆட்களின் அறிமுகமும் கிடைக்க வழி உண்டா? எவ்வளவு செலவாகும்?"

வழி உண்டு. நான் ஜியாலஜிக்காரன். இதே சேலத்தில் பிஎச்.டி. முடித்துப் பதினைந்து வருடம் ஆகிறது, இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நீங்கள் கேட்பதை அன்று நானும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். சொல்ல ஆள் இல்லாமல் நாலு வருடம் தடவித் தடவித்தான் வழி பிடிபட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இ-சான்றிதழ் சமாசாரத்தை ஓரம் கட்டிவிடுவோம். கொரோனா சமயத்தில் தொற்றிய பழக்கம் அது. கூகுள் படிவத்தில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் தங்க பார்டர் போட்ட காகிதம் மெயிலில் வந்துவிடும். எங்கள் கல்லூரிக்கு நேர்காணலுக்கு வரும் பிள்ளைகள் அறுபது, எழுபது என்று ஃபைலில் அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் யாரும் அதைப் புரட்டுவதில்லை. நான் ஒன்றுதான் கேட்பேன்: "இதில் எந்தப் பயிற்சியால் உங்க தீசிஸில் ஒரு அத்தியாயமாவது மாறியது?" பெரும்பாலும் பதில் வராது. நீங்களும் எதற்கும் பேர் கொடுக்கும் முன் இதையே கேட்டுக்கொள்ளுங்கள். போய்விட்டுத் திரும்பிய மறுநாள், அதுவரை செய்யத் தெரியாத எந்த வேலையைச் செய்யப் போகிறேன்? பதில் இருந்தால் கடன் வாங்கியாவது போங்கள். இல்லையென்றால் இலவசமாக இருந்தாலும் வேண்டாம்.

நான் ஏமாந்த கதையும் ஒன்று உண்டு. இரண்டாம் வருடம், வெளியூர் ஓட்டல் ஒன்றில் 'சர்வதேச மாநாடு' என்று மெயில் வந்தது. அப்ஸ்ட்ராக்ட் அனுப்பினேன். பதினோரு நிமிடத்தில் 'ஏற்கப்பட்டது' என்று பதில். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வந்தது பெருமை. ரெஜிஸ்ட்ரேஷன் நாலாயிரத்து ஐநூறு ரூபாயை அப்பாவிடம் வாங்கிக் கட்டினேன். போய்ப் பார்த்தால் ஒரே அறையில் ஜியாலஜி, நர்சிங், காமர்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் வரிசையாக ஓடுகிறது, ஆளுக்கு ஆறு நிமிடம். பேசி முடித்தவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார். என் முறை வந்தபோது அறையில் எனக்கு அடுத்துப் பேச வேண்டிய நாலு பேரும் மைக் செட் பையனும்தான் மிச்சம். கேள்வி கேட்டவனும் அவன்தான்: "சார், பென்டிரைவை எடுத்துக்கட்டுங்களா?"

இந்த மாதிரிக் கடைகள் இன்று கூடியிருக்கின்றனவே தவிரக் குறையவில்லை. எல்லாப் பாடத்துக்கும் ஒரே கூட்டம், அன்றே ஏற்பு, பேசுபவர் யார் என்பதற்கு முன்பே கட்டணப் பட்டியல், 'உங்கள் பேப்பரை ஜர்னலில் போட்டுத் தருகிறோம்' என்ற வாக்குறுதி. இதில் இரண்டு இருந்தாலே ஒதுங்கிவிடுங்கள். நம்பலாம் என்று யுஜிசி சொன்ன ஜர்னல்களின் கேர் பட்டியலையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள், ஆகவே ஜர்னல் எது, கடை எது என்று இனி நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த சுலபமான வழி இது: உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டும் ஐந்து பேரை எழுதிவையுங்கள். அவர்கள் எந்தக் கூட்டத்துக்குப் போகிறார்கள், எதில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் கூட்டமும் உங்கள் ஜர்னலும் அவைதான்.

சரி, உங்கள் பாடத்துக்கு வருவோம். மலைச்செடி வேலை என்றதும் எல்லோரும் டிஎன்ஏ பயிற்சிக்கு ஓடுகிறார்கள். நான் பார்த்தவரை முதலில் பழக வேண்டியது ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் பதித்துச் சேர்த்து வைத்திருக்கும் இடத்தில், பொறுமையாக உட்காருவது. கோவையில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலேயே, பி.எஸ்.ஐ. என்று நாம் சொல்லும் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்று உலகம் முழுக்கத் தெரிந்த சேகரிப்பு அங்கேதான். சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் கோவை. கைடு கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு, ஒரு வாரம் தங்குவதுபோலப் போங்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராப்பினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. 1967இல் பாதர் கே.எம். மேத்யூ தொடங்கியது. தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதித் தாவரங்களை அவரும் அவர் குழுவும் ஊர் ஊராக, மலை மலையாகச் சேகரித்து வைத்திருக்கிறார்கள், அதில் நம் சேர்வராயனும் சேர்த்தி. நீங்கள் நேற்று ஏற்காட்டில் பறித்த அதே செடியை, உங்களுக்கு முன் ஒருவர் பறித்து, பழுப்பேறிய தாளில் தைத்து, இடமும் உயரமும் தேதியும் எழுதி வைத்திருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது கிடைக்கும் பயிற்சியை எந்த வெபினாரும் தராது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் ஒரு நல்ல ஹெர்பேரியம் உண்டு.

ஹெர்பேரியத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வகைப்பாட்டு ஆட்கள் கூச்சக்காரர்கள். மாநாட்டில் வாயே திறக்காத மனிதர், பக்கத்து மேசையில் நீங்கள் ஒரு பூவை ஊறவைத்துப் பிரித்துக்கொண்டிருந்தால் தானாக எழுந்து வந்து, "சூலகத்தைக் குறுக்கே வெட்டிப் பாரும்மா" என்பார். அறிமுகம் அங்கேயே முடிந்தது.

உங்களுக்குக் கோவைகூடத் தூரம் என்று தோன்றினால் ஏற்காட்டிலேயே பி.எஸ்.ஐ.யின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் போய் அங்கே நிற்காதீர்கள், எவருக்கும் பேச நேரம் இருக்காது. மழை ஓய்ந்த பிறகு, ஒரு வார நாளில் போங்கள். அப்புறம், காப்புக்காட்டில் செடி சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள். அதற்காக வனச்சரக அலுவலகத்துக்கு நடப்பதையும் வெட்டி அலைச்சலாக நினைக்காதீர்கள். எந்தச் செடி எந்தச் சரிவில் எப்போது பூக்கும் என்று வனக்காப்பாளர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

கூட்டங்களில் உங்களுக்கு இரண்டைச் சொல்வேன். இந்திய ஆஞ்சியோஸ்பெர்ம் (பூக்கும் தாவர) வகைப்பாட்டுச் சங்கம் என்று ஒன்று, கோழிக்கோட்டை மையமாக வைத்து நடப்பது, 'ரீடியா' என்ற ஜர்னலை வெளியிடுகிறது. அவர்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்கள்தான் நாளை உங்கள் தீசிஸைத் திருத்தப் போகிறவர்கள். இன்னொன்று, 2010இல் தொடங்கிப் பெங்களூரில் நடத்தும் மாணவர் பாதுகாப்பு அறிவியல் மாநாடு. அங்கே பேசுவதும் போஸ்டர் வைப்பதும் மாணவர்கள் மட்டும், பெரிய ஆட்கள் கேட்க உட்காருகிறார்கள். பேச்சோடு சேர்ந்து புள்ளியியல், ஆர் மென்பொருள், எழுத்து என்று சின்னச் சின்னப் பட்டறைகளும் வைப்பார்கள். முதல் முறை மேடை ஏறுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கருவி வேண்டுமென்றால் ஐ-ஸ்டெம் தளத்தைப் பாருங்கள். நாட்டில் எந்த ஆய்வகத்தில் எந்தக் கருவி இருக்கிறது, வெளியாள் எவ்வளவு கட்டினால் பயன்படுத்தலாம் என்று தேடி, அங்கேயே பதிவு செய்யலாம். சென்னை ஐஐடியில் உள்ள சைஃப் மையம் வெளியாட்களின் மாதிரிகளை வாங்கிச் சோதித்துத் தருகிறது. மாதிரியைக் கூரியரில் போட்டுவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், முடிந்தால் நேரில் போய், ஓட்டும் டெக்னீஷியன் பக்கத்தில் நில்லுங்கள். கருவியைப் பற்றி நான் கற்றதில் பாதி அப்படி நின்று கற்றது. உங்கள் விடுதியில் இயற்பியல், மெட்டீரியல் சயின்ஸ் செய்கிறவர்கள் இருந்தால், பெங்களூர் ஐஐஎஸ்சியிலும் பம்பாய் ஐஐடியிலும் நடக்கும் ஐஎன்யுபி நானோ பயிற்சியைச் சொல்லிவையுங்கள். கணிதக்காரர்களுக்குத் தேசியக் கணித மையம் நடத்தும் ஃபவுண்டேஷன் ஸ்கூல்கள் இருக்கின்றன. தேர்வானால் தங்குவது, சாப்பாடு, பயணம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். கோட்பாட்டு அறிவியலுக்கான பெங்களூர் ஐசிடிஎஸ் மையத்தின் நிகழ்ச்சிகளும் அந்த ரகம்தான்.

இனி உங்கள் அறைத்தோழிக்கு. இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் குழுவான ஐசிஎஸ்எஸ்ஆரின் பணத்தில் பல பல்கலைக்கழகங்கள் நடத்தும் பத்து நாள் ஆய்வு முறையியல் பயிற்சி, சமூக அறிவியல் பிஎச்.டி. மாணவர்களுக்கென்றே உள்ளது. ஒரு எச்சரிக்கை: பெயர் ஒன்றானாலும் தரம் ஒன்றில்லை. நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். பத்து நாளும் 'ஆய்வு என்றால் என்ன' என்று உரை இருந்தால் விட்டுவிடலாம். உண்மையான தரவைக் கொடுத்துக் கணினி முன் உட்காரவைக்கிறார்கள் என்றால் விண்ணப்பியுங்கள். தேசிய மாதிரி ஆய்வின் வீட்டளவுத் தரவுகளைப் புள்ளியியல் அமைச்சகத் தளத்திலிருந்து இப்போது இலவசமாகவே எடுக்கலாம். அதைத் திறந்து, எடையிட்டு, ஒரு அட்டவணை போடக் கற்றுக்கொண்டால் சென்னை, டெல்லி மாணவர்களோடு அவர் ஒரே கோட்டில் நிற்கிறார். பொருளியல் ஆய்வு நிறுவனங்கள் என்றால் சென்னையில் எம்ஐடிஎஸ், பெங்களூரில் ஐசெக், திருவனந்தபுரத்தில் சிடிஎஸ். மூன்றிலும் நூலகம் ஒரு பெரிய சொத்து, கருத்தரங்கமும் அடிக்கடி நடக்கும். தமிழ்நாட்டுப் பொருளியலாளர் சங்கத்தின் ஆண்டு மாநாடும் உண்டு. அங்கே தமிழிலேயே சண்டை போட்டு விவாதிக்கலாம், அது ஒரு தனி சுகம்.

ஆனால் ஜவ்வரிசித் தொழிலை ஆய்வு செய்கிறவர் முதலில் போக வேண்டிய இடம் சென்னை இல்லை. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில்தான் இருக்கிறது. மரவள்ளிக்கென்றும் ஆமணக்குக்கென்றும் வேளாண் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் ஆராய்ச்சி நிலையம் ஏத்தாப்பூரில். ஆத்தூர் சாலையில் போனால் ஆலைக் களத்தில் காயவைத்த ஜவ்வரிசி வெயிலில் கண்ணைக் கூசும். மும்பையிலிருந்து ஒரு ஆய்வாளர் இந்தத் தொழிலைப் பார்க்க வந்தால், அவருக்கு வேண்டியது இந்த மூன்று இடத்திலும் முகம் தெரிந்த ஒருவர். அந்த ஒருவராக உங்கள் தோழி இருக்கலாம்.

உங்கள் கேள்விக்கு என் பதில் உண்மையில் இதுதான். 'நாம் எங்கே போய் யாரைப் பிடிப்பது' என்று மட்டும் யோசிக்கிறோம். சேலத்துக்கு வருகிறவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோக்கைட் பாறை. ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரருக்குக் கல்கத்தாவில் இருக்கும் கல்லறைக் கல்லை வைத்து, ஹாலந்து என்ற ஜியாலஜிஸ்ட் 1893இல் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். ஊருக்குள்ளேயே மேக்னசைட் சுரங்கம், அந்தப் பக்கம் கஞ்சமலை இரும்பு. ஆக, குளிர்காலம் வந்தால் எங்கெங்கிருந்தோ சுத்தியலோடு ஆட்கள் இறங்குவார்கள். ஒரு டிசம்பரில் வெளிமாநில நிறுவனத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். வாடகைக் கார் இருந்தது, ஆனால் எங்கே நிறுத்தச் சொல்வது என்று தெரியாது. கைடு என்னைக் கூட அனுப்பினார்.

ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு. எந்த வளைவில் புதிதாக வெட்டிய பாறை முகம் இருக்கிறது, எங்கே வண்டியை ஒதுக்க இடம் உண்டு, எங்கே குரங்கு பையைப் பிடுங்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாதி மலையில் இறங்கி ஒரு மூலையைத் தட்டிக் கொடுத்தேன். வெளிமுகம் வெளுத்த பழுப்பு, உடைந்த முகம் எண்ணெய் தடவியதுபோலக் கரும்பச்சை. லென்சைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு அவர் ஐந்து நிமிடம் வாயே திறக்கவில்லை. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது. அப்புறம் கேட்டார்: "இதில் கார்னெட் கனிமம் இருக்கிறது. மேலே போகப் போக எங்கே காணாமல் போகிறது?" எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். "பார்த்துச் சொல்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மதியம் மேலே ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம், அவர் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த ஆறு வாரம் சனி, ஞாயிறு பஸ் ஏறி, இருபத்திரண்டு இடத்தில் கல் எடுத்து, வரைபடத்தில் புள்ளி வைத்து, 'இருக்கிறது', 'இல்லை' என்று இரண்டே நிறத்தில் காட்டி அனுப்பினேன். முகவுரை, முடிவுரை ஒன்றும் எழுதவில்லை. நான்காம் நாள் ஒரு வரி பதில் வந்தது: "இங்கே எப்போது வருகிறாய்?" அவர் ஆய்வகத்தில் மூன்று வாரம், கனிமத்தில் என்னென்ன தனிமம் எவ்வளவு என்று அளக்கும் மைக்ரோபுரோப் கருவியில் உட்காரக் கிடைத்தது. என் தீசிஸின் நான்காம் அத்தியாயம் அந்த மூன்று வாரம்தான். அங்கே பக்கத்து நாற்காலியில் இருந்த இருவரோடு இன்றும் சேர்ந்து எழுதுகிறேன்.

அன்று காரில் நான் என்னைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் கேட்ட ஒன்றைச் செய்து கொடுத்தேன். 'நெட்வொர்க்கிங்' என்று பெரிய பெயர் வைத்திருப்பதை நம் ஊரில் மொய் என்பார்கள். முதலில் வைத்தவர்தான் நோட்டில் ஏறுவார்.

சரி, ஆள் நேரில் வராவிட்டால் மெயில்தான். எனக்கே வாரத்தில் நாலைந்து வருகிறது: "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்ட் ஒர்க்…" பெயரை மாற்றி எல்லோருக்கும் அனுப்பியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எட்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். நீங்கள் யார், எந்த ஊர், ஒரு வரி. அவருடைய எந்தக் கட்டுரையில் எந்த அட்டவணை உங்கள் வேலையோடு முட்டுகிறது, இரண்டு வரி. கேள்வி ஒன்றே ஒன்று, ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியது. செடியென்றால் தெளிவான இரண்டு போட்டோ. கைடுக்கு நகல் போடுங்கள், நாளைக்கு 'என்னிடம் சொல்லவே இல்லையே' என்ற பேச்சு வராது. பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் மனதில் வைத்துக்கொள்ளாமல் அடுத்த ஆளுக்கு எழுதுங்கள்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. முதல் போஸ்டர் முன்னால் நின்றபோது ஒருவர் வந்து "டெல் மி" என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்று இரவு லாட்ஜில் உட்கார்ந்து நாலு வாக்கியம் எழுதினேன்: என்ன கேள்வி, எங்கே பார்த்தேன், என்ன கிடைத்தது, எது இன்னும் புரியவில்லை. கண்ணாடி முன் இருபது முறை. மறுநாள் அந்த நாலும் போதுமாக இருந்தது. நாலாவது வாக்கியம்தான் ஆளை நிறுத்தி வைக்கும். புரியாததைச் சொன்னால் எதிரே நிற்பவர் பேச ஆரம்பித்துவிடுவார், நீங்கள் தலையாட்டிக் குறித்துக்கொண்டால் போதும்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒருவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் டாக்டரல் கமிட்டியில் வெளியிலிருந்து வரும் உறுப்பினர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.சி. மீட்டிங், டீ, பிஸ்கட், கையெழுத்து என்று முடிந்துவிடுகிறது. மீட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே அவருக்கு இரண்டு பக்கம் அனுப்பி, அதில் ஒரு கேள்வியும் வையுங்கள். உங்களுக்காக நேரம் ஒதுக்குவதாக ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கும் ஒரே வெளியாள் அவர்தான்.

ஊரிலேயே செய்யக்கூடிய இன்னொன்று. கருப்பூர்ப் பக்கம் பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். சேலத்துக்குள் அரசு கலைக் கல்லூரி, கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உங்களைப் போலவே தனியாகப் புலம்பிக்கொண்டு நாலு பேர் இருப்பார்கள். வியாழக்கிழமை மாலை ஐந்து பேர், ஒரு கட்டுரை, ஒரு மணி நேரம். தலைவர், செயலாளர், பேனர், பொன்னாடை ஒன்றும் வேண்டாம். பொன்னாடை வந்தால் கட்டுரை போய்விடும். ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியபின், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் சுமார் 13,000 ஜர்னல்கள் திறந்திருக்கின்றன. 'கட்டுரை கிடைக்கவில்லை' என்ற பழைய சாக்கு அநேகமாகப் போய்விட்டது. தீசிஸ் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க சோத்கங்கா தளத்தில் நாடு முழுவதிலிருந்தும் வந்த தீசிஸ்கள் இருக்கின்றன.

கணினித் திறனுக்குப் பணம் கொடுத்து எங்கும் போக வேண்டாம். பம்பாய் ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. லேடெக், பைத்தான் எல்லாம் உண்டு. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களும் படிக்க இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். கோர்ஸ் ஒர்க்கில் அதன் கிரெடிட்டை எடுத்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவில் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 யுஜிசி விதிகளில் பிஎச்.டி. மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவி வேலை கொடுக்கலாம் என்று இருக்கிறது. அதையும் விடாதீர்கள். எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்கள், உங்களுக்கே புரியாத இடம் எது என்று அங்கே தெரிந்துவிடும்.

வெளிநாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், முதல் வருடத்தில் அதற்கு அவசரமில்லை. இந்தியாவில் பதிவு செய்த பிஎச்.டி. மாணவர் சில மாதம் வெளியே போய்ச் செய்துவர ஃபுல்பிரைட்-நேரு (6 முதல் 9 மாதம், அமெரிக்கா), ராமன்-சார்பாக் (பிரான்ஸ்), காமன்வெல்த் ஸ்பிளிட்-சைட் (பிரிட்டன்), ஜெர்மனிக்கு டாட் (DAAD) என்று உதவித்தொகைகள் உள்ளன. எல்லாவற்றிலும் அங்கே ஒருவர் 'இவர் வரட்டும்' என்று எழுதித் தர வேண்டும் அல்லது எழுதித் தந்தால் பலம். அந்த ஒருவரை இப்போதிருந்து மெயிலில் தேடினால் மூன்றாம் வருடம் கிடைப்பார். மாநாட்டில் பேப்பர் வாசிக்க மட்டும் போவதென்றால் அறிவியலுக்கு முன்பு மத்திய அரசின் செர்ப் வாரியம் கொடுத்த, இப்போது அதன் இடத்தில் வந்த ஏஎன்ஆர்எஃப் கொடுக்கும் பயண உதவியும், சமூக அறிவியலுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் உதவியும் இருக்கின்றன. பாஸ்போர்ட்டை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள். எங்கள் செட்டில் ஒரு பெண்ணுக்கு எல்லாம் கிடைத்து, பாஸ்போர்ட் இல்லாமல் போனது.

கடைசியாகப் பணம். நல்ல பயிற்சிகளில் முக்கால்வாசி இலவசம் அல்லது தங்குமிடமாவது கொடுக்கும். யுஜிசியின் ஜேஆர்எஃப் உதவித்தொகை இருந்தால், ஆய்வுச் செலவுக்கான கன்டின்ஜென்சிப் பணம் தனியாக வரும், அறிவியலுக்கு முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 12,000 ரூபாய், மற்றப் பாடங்களுக்கு 10,000. களப்பயணத்தை அதில் காட்டலாம், டிக்கெட்டைப் பத்திரமாக ஒட்டிவையுங்கள். ஜேஆர்எஃப் இல்லையென்றால் வருடத்துக்கு இரண்டு பயணம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கற்றுக்கொள்ள, ஒன்று போஸ்டர் வைக்க. அதற்கு மேல் அலைந்தால் தீசிஸ் நகராது. மாநாட்டுக்காரர்களிடம் 'மாணவி, ஃபெலோஷிப் இல்லை, கட்டணத்தில் சலுகை உண்டா' என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். தங்குவதற்கு அந்த நிறுவனத்தின் மாணவியர் விடுதியில் விருந்தினர் அறை உண்டா என்று முதல் மெயிலிலேயே கேளுங்கள், வீட்டிலும் அதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

ரயிலில் ஒரு சலுகை பலருக்குத் தெரியாது. ஆய்வு வேலையாகப் போகும் ஆய்வு மாணவர்களுக்கு, 35 வயது வரை, இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பாதிக் கட்டணம். அதற்கென்று படிவம் இருக்கிறது, கல்லூரித் தலைமையின் கையெழுத்தும் சீலும் வேண்டும். நான் கேட்டபோது எங்கள் அலுவலகத்தில் 'அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது' என்றார்கள். விதியை அச்செடுத்துக்கொண்டு போனதும் டிராயரிலிருந்தே படிவம் வந்தது. இந்த டிக்கெட்டை ஜங்ஷன் கவுன்டரில் நின்றுதான் எடுக்க வேண்டும். காலை எட்டு மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள், பத்து மணிக்குத் தத்கால் கூட்டம் வந்துவிடும்.